மருந்தின் நான்கு கூறுகள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திற் பயிலும் நம் சங்கத்து அங்கத்தவர் ஒருவர் தாம் கற்கும் துறையைப்பற்றிச் சிறிது பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வயதிலும் அறிவிலும் மூத்தோர் கூடிய சபையிலே வாய் திறக்க அஞ்சுகின்றோம். எனினும் பெரியோர் இட்ட பணியை மறுப்பது முறையன்று. ஆதலால், பிழை காணின் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டு தொடங்குகின்றோம்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதி தாருங்கள். சென்ற ஆண்டிலே கற்கைநெறியின் ஒரு பகுதியாக, செட்டிகுளத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்துக்கு மாணவர் சிலர் சென்றோம். வீடுவீடாகப் போய்ச் சிறுநீர் மாதிரியும் கிணற்று நீர் மாதிரியும் எடுத்துவருவது எமது வேலை. ஒரு வீட்டு முற்றத்திலே நெல் காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிள்ளையள், நீங்கள் டாக்குத்தர்மாரே?” என்று கேட்டார்.

“இல்லை ஆச்சி.”

“அப்ப ஏன் வந்தனீங்கள்?”

எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. பரீட்சையிலே எத்தனையோ கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கின்றோம். அந்த ஆச்சியின் கேள்விக்கு ஒழுங்கான விடை அன்று எம்மிடம் இருக்கவில்லை. இன்று இம்மேடையில் நாம் சொல்லப்போவதெல்லாம் அக்கேள்விக்கு விடை தேடும் ஒரு முயற்சியே.

அந்தக் கேள்வி ஆச்சி ஒருவருடையது மட்டுமன்று. நம் வன்னி நாட்டு வீடுகள் எல்லாவற்றிலும் அது கேட்கின்றது. உயிரியற் பிரிவிலே உயர்தரம் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, “டாக்டராக வருவாய்தானே?” என்று கேளாத உறவினர் இல்லை. பரீட்சை முடிவு வருகின்றது. இசட் புள்ளி சிறிது குறைந்துவிடுகின்றது. வீடு இழவு வீடுபோல ஆகிவிடுகின்றது. பிள்ளை இரண்டாந் தரம் எழுதுகின்றது. மூன்றாந் தரமும் எழுதுகின்றது. அதற்குமேல் எழுத இடமில்லை. இதற்கிடையிற் கைக்கெட்டிய வேறொரு கற்கைநெறியை, “அது என்ன படிப்பு? ஊசி போடுகிற வேலையோ, போத்தில் கழுவுகிற வேலையோ?” என்று வீட்டார் இகழ, பிள்ளையும் வெட்கப்பட்டு விட்டுவிடுகின்றது. இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்து, மனமும் சோர்ந்து, கடையிலோ வெளிநாட்டிலோ கிடைத்த வேலைக்குப் போன நண்பர்களை நாம் அறிவோம். அவர்களுடைய பெயர்களை இங்கே சொல்லமாட்டோம். உங்கள் ஒழுங்கையிலும் அத்தகைய ஒருவர் இருப்பார்.

வைத்தியத் தொழிலை நாம் குறைத்துப் பேச வரவில்லை. அது மேலான தொழில் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோய் தீர்ப்பது வைத்தியர் ஒருவரால் மாத்திரம் ஆவதன்று என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருந்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவர் ஒரு கூறு. தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அதனை அருகிருந்து பிழையின்றி ஆற்றுவிப்பவர் ஒரு கூறு. வைத்தியருக்கு வள்ளுவர் கொடுத்த பங்கு நாலில் ஒன்று. மீதி மூன்றையும் நாம் மறந்துவிட்டு, ஒன்றின்மேலே எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டோம்.

இதற்குச் சான்று வேண்டுமாயின் தூர தேசத்துக்குப் போகவேண்டியதில்லை. நம் வன்னியின் சரித்திரமே போதும்.

ஒருகாலத்தில் வன்னி என்றாற் காய்ச்சல் என்றே வெளியூரார் பொருள் கொண்டனர். குளங்கள் உடைந்து, ஊர்கள் அழிந்து, குடிகள் மெலிந்து கிடந்ததற்கு மலேரியா ஒரு பெருங் காரணம். 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதையும் உலுக்கிய மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுப்பகுதி தொடக்கம் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளித்தனர். அதன் பயனாக 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 பேருக்கு மாத்திரமே மலேரியா கண்டது. வெற்றி பெற்றுவிட்டோமென்று கை ஓய்ந்தனர், தெளிப்பை நிறுத்தினர், விழிப்புங் குறைந்தது. 1967க்குப் பின் நோய் திரும்பவும் எழுந்து, 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிக்கொண்டது. நோயைக் கணக்கெடுப்பவன் உறங்கினால், நோய் விழித்துக்கொள்ளும் என்பது அந்த ஆண்டுகள் நமக்குப் படிப்பித்த பாடம்.

அதன் பின் நடந்தது அமைதியான ஒரு வீரம். போர் நடந்த காலத்திலும் மருந்து தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் முற்றாக நின்றுவிடவில்லை. 2012 ஒக்டோபர் மாதத்திற்குப் பின்னர் இந்நாட்டிலே உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லையென்றாயிற்று. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. இன்று இச்சபையிலிருக்கும் இளையோரில் மலேரியாக் காய்ச்சலின் நடுக்கத்தை அறிந்தவர் அரிது. அறிந்தவர்கள் பின்வரிசையிலிருக்கும் பெரியோர்களே.

இதைச் செய்தவர் யார்? வைத்தியர்கள் வழிகாட்டினர்; உண்மை. ஆயினும் காட்டிலும் மேட்டிலும் நடந்து, ஆற்றுப் படுகையில் தேங்கிய குட்டையைக் குனிந்து பார்த்து, நுளம்புக் குடம்பியை அகப்பையால் அள்ளி இனம் பிரித்தவர் பூச்சியியற் பணியாளர். விசைப்பம்பியைத் தோளிற் சுமந்து சுவருக்கு மருந்தடித்தவர் கூலி ஆள் என்று நாம் நினைத்த ஒருவர். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, கீம்சாச் சாயம் ஊட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நூறு காட்சிப்புலங்களையாவது பார்த்த பின்னரே ‘கிருமி இல்லை’ என்று எழுதியவர் ஆய்வுகூடப் பணியாளர். அவர் தொண்ணூறோடு அலுத்து எழுந்துவிட்டாற் கிருமியுள்ள ஒருவர் ஊருக்குத் திரும்பியிருப்பார். எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்த ஊரில், எந்தக் கிழமையில் என்று ஏட்டிலே குறித்து அனுப்பியவர் ஓர் எழுதுவினைஞர். இவர்களுள் எவருடைய கழுத்திலும் நெஞ்சொலிமானி தொங்கவில்லை.

இந்தக் காவல் இன்னும் முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியிலே மன்னார்ப் பகுதியில், இலங்கையில் முன்பு காணப்படாத ஒருவகை மலேரியா நுளம்பைப் பூச்சியியற் குழுவினர் கண்டுபிடித்தனர். அது ஆற்றுக் குட்டையை நாடுவதில்லை. வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகுவது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அதுவே. வன்னியின் வாசலிலே அது வந்து நிற்கின்றது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு திரும்பும் ஒருவரை அது கடித்தால் பழைய கதை மீண்டுந் தொடங்கலாம். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் அந்தப் பணியாளன் நம் பிள்ளையாக இருந்தால் என்ன?

இனி, இத்துறைகளை எங்கே கற்பது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல் என்னும் மூன்று பட்டப் படிப்புகள் உள. பேராதனையில் இவற்றோடு கதிர்ப்படவியலும் இயன்மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. மிகிந்தலையிலுள்ள ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாடு என்று ஒரு பட்டம் உண்டு. நோய் வருமுன் மக்களோடு கூடியிருந்து காக்கும் வழியைக் கற்பிப்பது அது. நமக்கு அருகே பம்பைமட்டில், 2021 ஓகஸ்ட் மாதத்தில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலே சூழலியல் விஞ்ஞானமும், கணிதமும், கணினியியலும் கற்கலாம். இவை வைத்தியப் படிப்புகள் அல்ல. ஆனால் நீரைச் சோதிப்பதற்கும் நோய்க் கணக்கை ஆராய்வதற்கும் இவை இல்லாது முடியாது.

கணக்கு என்றவுடன் முகஞ் சுளிப்போருக்கு ஒன்று சொல்வோம். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய தாதியாக மாத்திரம் நாம் பாடப்புத்தகத்திற் படித்தோம். கிரிமியப் போரிலே காயத்தால் இறந்த படைவீரரிலும், தடுக்கத்தக்க நோயால் இறந்தவரே மிகப் பலர் என்பதை அவர் எண்களாற் கணக்கிட்டு, 1858ஆம் ஆண்டிலே வண்ண வரைபடமாக வெளியிட்டார். அந்தப் படம் கண்டு ஆட்சியாளர் அசைந்தனர். அவர் ஏந்திய விளக்கினும் அவர் வரைந்த படம் அதிகம் பேரைக் காத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

மருந்தகவியலும் அத்தகையதே. மருந்தை எண்ணிக் கொடுப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. குழந்தைகளுக்கு இடும் தடுப்பு மருந்துகளிற் பெரும்பாலானவை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரிலே இருக்கவேண்டும். மின்சாரம் நின்றுபோன ஓர் இரவிலே அதைக் கவனியாதுவிட்டால், மறுநாள் ஏற்றுவது மருந்தன்று, வெறும் நீரே. வயலிலே பாம்பு தீண்டியவருக்கு ஏற்றும் நஞ்சு முறிமருந்து இந்தியாவிலிருந்து வருவது. அது குறைந்துபோகுமுன் கணக்குப் பார்த்து எழுதிப் பெற்று வைப்பவர் ஒருவர் வேண்டும். கையிருப்புத் தீர்ந்தபின் எத்துணைப் பெரிய வைத்தியராலும் என்ன செய்யமுடியும்?

இடங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று. விஞ்ஞானத் துறை இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. விண்ணப்பத்திலே கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கின்படி நிரைப்படுத்தவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பாராது, பக்கத்து வீட்டாரின் சொற்கேட்டு நிரைப்படுத்திக் கிடைக்கவிருந்ததை இழந்த பிள்ளைகள் உண்டு. புள்ளி குறைந்ததால் இழந்தவர்க்காக இரங்கலாம். அறியாமையால் இழந்தவர்க்கு நாம் எல்லோரும் பொறுப்பாளிகள்.

உள்ளதை மறைத்து இத்துறையைப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையன்று. இதிலே இடர்களும் உள. நாலு ஆண்டுப் படிப்பும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றது. தமிழிலே உயர்தரம் படித்துவந்த பிள்ளை முதல் ஆண்டிலே தலை சுற்றி நிற்கும், நாமும் நின்றோம். பட்டம் பெற்றவுடனே நியமனக் கடிதம் வீடு தேடி வருமென்று நம்பியிருத்தலும் தகாது, காத்திருக்க நேரிடலாம். பெரிய ஆஸ்பத்திரிகளிற் பணிப்பாளர் பதவி வைத்தியர்களுக்கே உரியது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் ‘டாக்டர் ஐயா’ என்று ஊர் அழைக்கப்போவதில்லை. சீதனச் சந்தையிலும் விலை ஏறாது. (பின்வரிசையிலே சிலர் சிரிப்பது கேட்கின்றது.) இவற்றையெல்லாம் அறிந்து வருபவரே வரட்டும். அவரே நிலைத்து நிற்பார்.

இப்போது அந்த ஆச்சியிடம் திரும்புவோம். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரக நோய். கமஞ்செய்து உரம் பாய்ந்த உடம்பு. கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்து வந்தது. இப்போது திண்ணையிலே கிடந்தது. வட மத்திய மாகாணத்தில் 1990களின் நடுப்பகுதியிலே முதன்முதல் கவனிக்கப்பட்ட, காரணம் அறியப்படாத அந்தச் சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நீரின் கடினத்தன்மையோ, புளோரைட்டோ, வயலுக்கிடும் நஞ்சோ, வெயிலில் நீர் அருந்தாது உழைப்பதோ, இவை பல சேர்ந்தோ என்று அறிஞர் ஆராய்கின்றனர்; முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. இந்நோயின் கொடுமை என்னவெனில், தொடக்கத்திலே நோவில்லை, காய்ச்சலில்லை. கால் வீங்கி மூச்சு வாங்கும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி செத்துப்போயிருக்கும். அதற்கு முன்னே அதைக் கண்டுபிடிக்க வல்லது ஒரு கிண்ணம் சிறுநீரிலும் ஒரு சிறு குழாய் இரத்தத்திலும் செய்யும் சோதனையே.

ஆச்சி எமக்குத் தமது கேத்திலைத் திறந்து காட்டினார். அடியிலே சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் படிவு. “இந்தத் தண்ணியைத்தான் நாங்கள் பரம்பரையாக் குடிக்கிறம்” என்றார். அவருடைய மகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தமக்கு ஒரு வருத்தமுமில்லை என்று சொல்லிச் சிறுநீர் தர மறுத்தார். ஆச்சி அதட்டியபின் தந்தார். அவருடைய மாதிரியிலே வெண்புரதம் மிகுந்திருந்தது. மறுமுறையும் சோதித்தோம், அதுவே கண்டது. பொறுப்பான ஆசிரியர் மூலம் அறிவித்து, அவரை வைத்தியரிடம் அனுப்பினோம். தந்தைக்குத் தெரியவந்த காலத்திலும் மகனுக்குப் பல ஆண்டு முந்தித் தெரியவந்துவிட்டது. அவர் முற்றாகத் தப்பிவிட்டார் என்று நாம் சொல்லமாட்டோம். அதைச் சொல்ல எமக்குத் தகுதியில்லை. காலம் கிடைத்தது என்று மட்டும் சொல்வோம்.

“அப்ப ஏன் வந்தனீங்கள்?” என்ற கேள்விக்கு எம்மால் இயன்ற விடை இதுவே. காலம் வாங்கித் தர வந்தோம், ஆச்சி.

அன்பர்களே, நம்மிற் பலர் இதனைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர்கள், கண்டும் அறியாதவர்கள். 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நீர் வண்டிக்கு வரிசையில் நின்றோம். அவ்வளவு சனம் அவ்வளவு நெருங்கியிருந்த இடத்திலே, நீர்த்தொட்டிக்குக் குளோரின் இட்டவர், மலசலகூடத்துக்குக் குழி வெட்டுவித்தவர், காய்ச்சல் கண்ட கூடாரங்களை எண்ணி எழுதியவர் இருந்தனர். அவர்களுடைய முகம் நமக்கு நினைவில்லை. 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. நாம் உயிரோடு வெளியே வந்தோம். அந்த முகந்தெரியாதவர்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

நாம் மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்றோம். அதனாற் சைவத்துக்கு அந்நியராகிவிடவில்லை. நாவலர் பெருமானும் பேர்சிவல் பாதிரியாரிடம் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே பயின்றவரே. 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோருக்கு உணவளித்தவர் அவர். பசித்த வயிற்றிலே நோய் எளிதிற் குடிபுகும். கஞ்சி வார்த்த கையும் மருந்து கொடுத்த கையே. அதே யாழ்ப்பாணத்துக்கு 1847இலே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். தமிழிலே கற்றவர் வெளியூர் உத்தியோகம் தேடிப் போகாது தம் கிராமத்திலேயே தங்கித் தொண்டு செய்வர் என்பது அவர் கருத்து. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கருத்து வன்னிக்குப் பொருந்துகின்றது. நோயாளி பேசும் மொழியை அறிந்த ஆய்வாளரும், ஊர்க் கிணற்றின் சுவையை அறிந்த சுகாதாரப் பணியாளரும் நமக்கு வேண்டும். அவரை வேறொரு மாவட்டம் பெற்றுத் தரும் என்று காத்திருக்கலாகாது.

சைவர்களாகிய நமக்கு இப்பணி புதிதன்று. அப்பர் சுவாமிகள் கையிலே ஏந்திய படை உழவாரம். புல் செதுக்கிக் கோயில் வீதியைத் துப்புரவு செய்தலே அவர் செய்த திருத்தொண்டு. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் சந்நிதியிலே எண்ணற்ற சனங் கூடுகின்றது. தண்ணீர்ப் பந்தலில் வார்க்கும் நீர் சுத்தமானதா, அன்னதானச் சோறு மூடியிருக்கின்றதா என்று பார்த்துத் திரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு நாம் சிலவேளை முணுமுணுப்பதுண்டு. அவரும் அம்மன் வீதியிலே உழவாரம் பிடிப்பவரே என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் கடந்துவிட்டது. சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைத்து அமைகின்றோம்.

முதலாவது, ஆண்டுதோறும் உயர்தரப் பெறுபேறு வெளியானவுடன், பல்கலைக்கழகக் கைந்நூலை எடுத்து வைத்து, விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகளோடு ஒரு நாள் முழுவதும் சங்க மண்டபத்திலே இருப்போம். பல்கலைக்கழகத்திற் பயிலும் அங்கத்தவர் நாமே அதை நடத்துவோம். சங்கம் கதவைத் திறந்துவிட்டாற் போதும்.

இரண்டாவது, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஆங்கில வாசிப்பு வகுப்பு ஒன்று வேண்டும். முதல் ஆண்டிலே நாம் பட்ட பாட்டைத் தம்பி தங்கையரும் படவேண்டியதில்லை.

மூன்றாவது விண்ணப்பம் பெற்றோர்க்கு உரியது, அதற்குச் செலவில்லை. உங்கள் பிள்ளை வைத்தியப் பீடத்துக்குப் போகாது ஆய்வுகூடத்துக்கோ, மருந்தகத்துக்கோ, கணக்கேட்டுக்கோ போகின்றதென்றால், அயலார் கேட்கும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லாதீர்கள். நிமிர்ந்து சொல்லுங்கள். நாற்கூற்றில் ஒரு கூறாக நம் பிள்ளையும் நிற்கின்றது என்று சொல்லுங்கள்.

அந்த ஆச்சியின் வீட்டுக்குப் பின்னரும் ஒருமுறை போனோம். இம்முறை அவர் டாக்டரோ என்று கேட்கவில்லை. பாயை விரித்து, “இருங்கோ பிள்ளையள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். “இது கிணத்துத் தண்ணியில்லை, சுத்திகரிச்ச தண்ணி வாங்கி வைச்சிருக்கிறன்” என்றும் சொன்னார். எமக்குக் கிடைத்த பட்டமளிப்பு அதுவே என்று எண்ணுகின்றோம்.

 எல்லாம்வல்ல சிவபெருமான் நம் வன்னி மக்களுக்கு நோயற்ற வாழ்வையும், நம் வாலிபருக்கு அதனைக் காக்கும் உள்ளத்தையும் தந்தருள்வாராக.